இந்த வருஷத்துக் காய்க்கு மணமே இல்லை

மாசி 3, ஞாயிறு

காய்ச்சல் ஒருவழியாக விட்டது. தைக் கடைசி முழுவதும் கஞ்சியும் கட்டிலுமாகக் கிடந்தேன். இன்றுதான் பின்பக்கத் தோட்டத்தில் கால் வைத்தேன். கத்திரி பூ எடுத்திருக்கிறது. அவரைக் கொடியில் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடக்கிறது. புடலைப் பந்தல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நான் படுத்திருந்த நாட்களில் தண்ணீர் விட்டது வடிவு. விட்டிருக்கிறாள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் தூரில் விடாமல் இலையில் விட்டிருக்கிறாள்.

வடிவு என் கொழுந்தனார் மனைவி. கொழுந்தனாருக்கு நாக்பூரில் வேலை, மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சங்கரன்கோவிலில் ஒற்றை ஆளாக எதற்கு ஒரு வீடு, தென்காசிக்கே வந்துவிடு என்று பொங்கலுக்கு அவளைக் கூப்பிட்டது நான்தான். கூப்பிட்டபோது இவ்வளவு சீக்கிரம் அடுப்பங்கரை வரைக்கும் வந்துவிடுவாள் என்று நினைக்கவில்லை.

பங்குனி உத்திரத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம். அன்றைக்கு எங்கள் பங்காளி வீடுகள் எல்லாம் சாஸ்தா கோயிலில் கூடுவோம். அந்தப் பருவத்தில் அவரவர் தோட்டத்தில் காய்த்ததை அவரவர் கொண்டுவர வேண்டும். அத்தனையையும் ஒரே உருளியில் போட்டுக் கூட்டாஞ்சோறு. சாமிக்குப் படைப்பு அதுதான். கரண்டி பிடிப்பது மூத்த வீட்டு மருமகள், அதாவது நான். படைக்குமுன் ருசி பார்க்கக் கூடாது என்பதால் கொதிக்கிற ஆவியை மோந்தே உப்புச் சொல்ல வேண்டும். என் மாமியார் போனதிலிருந்து நான்தான் சொல்கிறேன், ஒரு வருஷமும் தப்பியதில்லை. வீட்டிலும் அதே பழக்கம். காக்கைக்கு வைக்காமல் எதையும் நாக்கில் விடமாட்டேன்.

அவரைக்குச் சாம்பல் தூவினேன். மூச்சு வாங்குகிறது.

மாசி 5, செவ்வாய்

முதல் பறிப்பு வெண்டைக்காய். பிஞ்சு, ஒடித்தால் டக்கென்று ஒடிகிறது. பார்க்க லட்சணம், மணம் சுத்தமாகக் கிடையாது. வதக்கும்போது அடுப்பங்கரை முழுக்க வர வேண்டிய வாசம் வரவே இல்லை. சாப்பிட்டால் வைக்கோல். விதைக்கடைக்காரன் நாட்டு விதை என்று சொல்லி ஒட்டு விதையைத் தள்ளிவிட்டான் என்று நினைக்கிறேன். அவன் முகத்தைப் பார்த்தபோதே சந்தேகம்தான். கேட்பதற்கு முன்னாலேயே சத்தியம் செய்கிற ஆளை நம்பக் கூடாது.

மாசி 9, சனி

கத்திரியில் புழு. வேப்பெண்ணெய் கரைத்துத் தெளித்தேன். வழக்கமாக அந்த நெடிக்கே எனக்குத் தலைவலி வரும், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் தெளிப்பேன். இன்று துண்டே தேவைப்படவில்லை. எண்ணெயிலும் கலப்படம். இந்த ஊரில் சுத்தமாக எதையும் வாங்க முடியாது போலிருக்கிறது.

மத்தியானம் பால் அடிப்பிடித்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வடிவு தடதடவென்று இறங்கி வந்து, “யக்கா, பால் கரியுது” என்று அடுப்பை அணைத்தாள்.

பக்கத்தில் இருக்கிற எனக்குத் தெரியாதது மாடியில் இருப்பவளுக்கு எப்படித் தெரிந்தது? தீயை ஏற்றிவைத்துவிட்டுப் போனவளுக்குத்தானே தெரியும். இருக்கட்டும், பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாசி 13, புதன்

இவர் மாறிப்போயிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் அனவரதத்துக்குப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகக் கடை. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவார். சாப்பாட்டில் குற்றம் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. புளி முந்துது, கடுகு கரிஞ்சிட்டு, இஞ்சி கூட என்று ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுத்தான் மோருக்குப் போவார். அதற்கு நானும் பதில் கொடுப்பேன். அப்படியேதான் இத்தனை வருஷம் ஓடியது.

இப்போது தினமும், “நல்லாருக்குட்டி.” தலை நிமிர்வதில்லை. சொதிக்கு நல்லாருக்கு, கீரைக்கு நல்லாருக்கு, ரசத்துக்கும் நல்லாருக்கு. சாப்பிட்டு முடித்ததும் செம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிக்கிறார். பிறகு இன்னொரு செம்பு.

“என்ன, கடையில ஏதாவது தப்புப் பண்ணிட்டியளா?” என்று கேட்டேன்.

“தப்பா? என்ன தப்பு?”

“இல்ல, தினமும் நல்லாருக்குன்னு சொல்லுதிய. அதான் கேட்டேன்.”

வடிவு சிரிக்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும். இதற்கு ஏன் வரவில்லை?

மாசி 17, ஞாயிறு

வாழை மூட்டில் அவியல் கிடந்தது. என் அவியல்.

மாசி 18, திங்கள்

நேற்று அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

பாத்திகட்டப் போனவள் பார்த்தேன். வாழைச் சருகைப் போட்டு மூடியிருக்கிறது. கொஞ்ச நஞ்சமில்லை, பாதிச் சட்டி. தோட்டத்து அவரை, முருங்கை, நானே கிளறி எடுத்த சேனை. நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து வளர்த்ததை ஒருத்தி சருகுக்கடியில் புதைத்திருக்கிறாள். ஆனால் மத்தியானம் பரிமாறும்போது சட்டி நிறைய இருந்ததே, அது எப்படி? பாதியைக் கொட்டிவிட்டு எதையோ சேர்த்து நிரப்பியிருக்கிறாள். என் சட்டியில், என் அவியலில்.

கேட்டால் இல்லையென்பாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

புடலைப் பிஞ்சுகளுக்குக் கல் கட்டினேன். கட்டாவிட்டால் பாம்பாகச் சுருண்டுகொள்ளும்.

மாசி 20, புதன்

இவருக்குக் கடையில் தலை சுற்றி, பக்கத்துக் கடைக்காரர் பிடித்து உட்கார வைத்திருக்கிறார். டாக்டரிடம் போனோம். பிரஷர் ஏகத்துக்கு ஏறிக் கிடக்கிறது. இரண்டு வருஷமாக மாத்திரையில் ஒழுங்காக இருந்தது. “உப்பு ரொம்பச் சேக்கிறீங்களா? வீட்டுல சமையல் யாரு?” என்று டாக்டர் என்னைப் பார்த்தார். “நான்தான். எங்க வீட்டுல உப்பு அளவு தப்பாது” என்றேன். இவர் சுவரில் ஒட்டியிருந்த கண் பரிசோதனை எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் அப்பா பிரஷரில்தான் விழுந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை.

கடைக்கு எதிரில் பஜ்ஜி போடுகிறான். தினமும் தின்கிறார் போலிருக்கிறது, அதனால்தான் வீட்டுக்கு வந்து அவ்வளவு தண்ணீர். கேட்டதற்குப் பஜ்ஜி தின்று மாசக்கணக்காகிறது என்கிறார். அப்படியானால் வேறொன்று. வடிவு கொண்டுவந்த நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டேன்.

மாசி 23, சனி

காலையில் தோட்டத்திலிருந்து கூடையோடு வந்தபோது அடுப்பங்கரையில் பேச்சு.

“அத்தான், இதுக்கு மேல நான் மறைக்க மாட்டேன். உங்க உடம்பு என்னத்துக்கு ஆகும்?” இது வடிவு.

“உத்திரம் கழியட்டும். அதுவரைக்கும் எப்படியாவது பாத்துக்கோ.”

என் காலடி கேட்டதும் இவர் தண்ணீர் குடிப்பதுபோல் செம்பை எடுத்தார். செம்பில் தண்ணீர் இல்லை.

இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள். இந்த வயதில் அப்படி ஒன்றை நினைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது, நினைக்காமலும் இருக்க முடியவில்லை. உத்திரம் கழிந்தால் என்ன ஆகும்?

சாயங்காலம் ரசத்துக்குப் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கோடு வைத்துப் பார்த்தேன். மண்ணாங்கட்டி. கொண்டுபோய் மளிகைக் கடையில் வைத்தேன். கடைக்காரர் மோந்துவிட்டு மூக்கைச் சுளித்துக்கொண்டு, “இதுக்கு மேல காரமான காயம் கேரளாவுலகூடக் கெடைக்காது தாயி” என்றார். வேறு டப்பா வாங்கி வந்தேன். அதுவும் அப்படித்தான். மொத்த ஊரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதுபோல் இருக்கிறது.

மாசி 26, செவ்வாய்

சங்கரம்மா மதினி போன் செய்தாள். பங்காளிகளில் இரண்டாம் வீட்டு மருமகள். உருளி, விறகு எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், “வடிவும் இப்ப உன் வீட்டுலதான இருக்கா. இந்தத் தடவ அவளும் கை பழகட்டுமே. நீயும் காய்ச்சல்ல கெடந்தவ” என்றாள்.

அப்படிப் போகிறதா கதை. இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. என் சமையலை வீட்டுக்குள் கெடுப்பது, வெளியில் பேர் வாங்குவது. இவரையும் எப்படியோ வளைத்துப் போட்டாயிற்று. கரண்டிக்குத்தான் குறி.

“எனக்கு ஒண்ணும் இல்ல மதினி. நல்லாத்தான் இருக்கேன்” என்று வைத்துவிட்டேன்.

பங்குனி 1, ஞாயிறு

பிடித்துவிட்டேன்.

காலையில் கத்திரிக்காய் பறித்தேன், ஊதாவில் வெள்ளை வரி ஓடுகிற நாட்டுக் கத்திரி. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். வேண்டுமென்றே உப்புப் போடவில்லை. ஒரு கல் உப்புக்கூடப் போடவில்லை. இறக்கி மூடிவைத்துவிட்டு, “கீரை பறிச்சிட்டு வாரேன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போய், தோட்டத்து ஜன்னலுக்கு வெளியே முருங்கையை ஒட்டி நின்றேன்.

வடிவு வந்தாள். வாசலைப் பார்த்தாள். மூடியைத் திறந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். காக்கைக்கு வைக்குமுன்! அப்படியே நின்றாள். மறுபடி ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். பிறகு உப்பு ஜாடியைத் திறந்தாள்.

உள்ளே போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“என்னட்டி செய்யுத?”

அவள் பயப்படவில்லை. அழுகிறவள்போல் ஆனாள். “யக்கா, இன்னைக்கு உப்பே இல்லக்கா.”

“அது எனக்குத் தெரியும். நேத்து?”

மற்றக் கையால் உப்பு ஜாடியை மூடினாள்.

“நேத்து என்னத்தப் போட்ட? சொல்லு.”

“நேத்து நான் ஒண்ணும் போடலக்கா. எடுத்தேன். கூட்டு வாயில வைக்க முடியல, அவ்வளவு உப்பு. பாதிய எடுத்துட்டு, உப்பில்லாம வேகவச்ச பருப்பக் கலந்தேன். அன்னைக்கு அவியலும் அப்படித்தான். சில நாளு நான் வாரதுக்கு முன்னாலயே நீங்க பரிமாறிருவிய. அன்னைக்கு அத்தான் அப்படியே சாப்பிட்டுருவாவ.”

பொய் சொல்கிறாள் என்றேன். உப்புப் போட்டுவிட்டுக் காக்கைக்கும் வைத்துவிட்டு ஒரு கரண்டி குழம்பை எடுத்துக் கொடுத்தாள். அதற்கு முன்பே நான் உப்பில்லாமல் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தேன், சாட்சிக்காக. இரண்டையும் சாப்பிட்டேன். மாற்றி மாற்றிச் சாப்பிட்டேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

இன்று தோட்டத்தில் வேலை அதிகம். களைப்பு.

பங்குனி 2, திங்கள்

தண்ணீர் விட்டேன். வேறொன்றும் இல்லை.

பங்குனி 5, வியாழன்

சமையல் வடிவு. நான் காய் பறித்து நறுக்கிக் கொடுக்கிறேன். இன்று நானே இவரிடம் கேட்டேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

“எப்பத்திலருந்து தெரியும்?”

“உனக்குக் காய்ச்சல் விட்டு மொத நாள் வச்ச ரசத்துலயே.”

“ஏன் சொல்லல?”

“சொல்லிருந்தா அடுப்ப அன்னைக்கே விட்டுருப்ப. படைப்பு வைக்க மாட்டேன்னுருப்ப. உத்திரத்துக்கு நீ கரண்டி எடுக்காம ஓரமா உக்காந்திருக்கத என்னால பாக்க முடியாது, உலகு. அதுக்குள்ள சரியாயிரும்னு நெனச்சேன்.”

“அதுக்காக? மயங்கி விழுந்தியளே. ஒங்கப்பா மாதிரி நீங்களும் போயிருந்தா நான் அந்தக் கரண்டிய வச்சு என்ன செய்ய?”

எனக்கு அப்படி ஒரு கோபம். அவர்மேல் என்றுதான் முதலில் நினைத்தேன். விதைக்கடைக்காரனை, எண்ணெய்க்காரனை, காயத்தை, பஜ்ஜிக் கடையை, வடிவை, கட்டின புருஷனை, இத்தனை பேரையும் சந்தேகப்பட்டேனே. கண்ணுக்கு நேரே இருந்த மூக்கை ஒரு நாள் சந்தேகப்பட்டேனா? ஆவியில் வாசம் வராததை உப்புக் குறை என்று நினைத்து என் கையால் போட்ட உப்பு அவரைக் கீழே தள்ளியிருக்கிறது. எழுதிவிட்டேன். இனி இதை மாற்றி எழுத முடியாது.

பங்குனி 9, திங்கள்

மூக்கு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். மணமும் நாக்கு ருசியும் சேர்ந்தே காய்ச்சலில் போனதாம். வரலாம், வராமலும் போகலாம், காலம் சொல்ல முடியாதாம். தினமும் கிராம்பும் எலுமிச்சைத் தோலும் மோந்து பழக்கச் சொன்னார். மோந்தேன். கிராம்பு மூக்கில் குத்தியது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் வடிவைக் கூப்பிட்டு அடுப்புக்கு முன்னால் நிறுத்தினேன். ருசி பார்க்காமல் உப்புச் சொல்ல அவளுக்குத் தெரியாது. “மூடியத் தெறந்ததும் மொத ஆவிய விட்டுரு. அது வெறும் தண்ணி. ரெண்டாவது ஆவில பச்சக்காய் வாசம் முன்னால நின்னா உப்புப் பத்தல. உப்புச் சேந்தா பச்ச வாசம் பின்னால போயி, பருப்பு வாசம் முன்னால வரும்.”

“எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் வருது.”

“அப்ப மறுபடி மோந்து பாரு.”

எனக்கு வராத வாசத்தை இவளுக்கு நான் வாயால் சொல்லிக் கொடுக்கிறேன். சொல்லும்போது அத்தனையும் ஞாபகத்தில் இருக்கிறது, மூக்கில்தான் இல்லை. இவள் முழுக்கக் கற்றுக்கொண்டால் என் இடம் என்ன என்ற நினைப்பும் வருகிறது. வராமல் என்ன செய்யும். நான் ஒன்றும் தெய்வப்பிறவி இல்லை.

பங்குனி 16, திங்கள்

நாளை மறுநாள் உத்திரம். வடிவு பத்துத் தடவைக்கு ஏழெட்டுத் தடவை சரியாகச் சொல்கிறாள். இவர் பிரஷரும் இறங்கியிருக்கிறது.

வெளியில் யாருக்கும் சொல்வதில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன். சங்கரம்மா மதினிக்குத் தெரிந்தால் மூக்கில்லாதவள் படைப்பு வைத்தாள் என்று வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டுவாள். கரண்டி நான் பிடிப்பேன். வடிவு எனக்குப் பின்னால் நிற்பாள். உப்புப் போதும் என்றால் ஒரு இருமல். பத்தாது என்றால் சும்மா இருக்க வேண்டும்.

“சாமி முன்னால இப்படித் திருட்டுத்தனம் செய்யணுமாக்கா?” என்றாள்.

“இத்தன நாள் நீங்க ரெண்டு பேரும் செஞ்சத விடவா?” என்றேன். அதற்குச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகிறது.

பங்குனி 19, வியாழன்

நேற்று உத்திரம். வந்து படுத்தவள் இப்போதுதான் எழுந்தேன். எழுதிவிட வேண்டும்.

சாஸ்தா கோயில் ஆலமரத்தடியில் மூன்று கல் வைத்து உருளியை ஏற்றியாயிற்று. எங்கள் வீட்டிலிருந்து கத்திரியும் அவரையும். சங்கரம்மா மதினி வெள்ளைப் பூசணி. இன்னும் முருங்கை, சீனி அவரை, வாழைக்காய், கிளிமூக்கு மாங்காய், முருங்கைக்கீரை என்று வந்து குவிந்தது. பங்காளி வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து நறுக்கினார்கள். அரிசியும் பருப்பும் கொதி வந்ததும் காயைப் போட்டேன். தேங்காயும் மிளகாயும் அரைத்தது போட்டேன். குமிழி எழும்புவது, குழைவது, கரண்டியில் கனம் ஏறுவது எல்லாம் எனக்குத் தெரிகிறது. அதுவரை நான் பழைய உலகம்மாள்தான்.

முதல் உப்பைப் போட்டுக் கிண்டிக் குனிந்தேன். முகத்தில் சூடு அடித்தது, அவ்வளவுதான். இருமல் இல்லை. இன்னும் ஒரு கை போட்டேன். மறுபடி குனிந்தேன். அந்த நேரம் பார்த்து விறகு ஈரத்தில் புகைய ஆரம்பித்தது. புகை நேராக எங்கள் பக்கம் வந்தது.

வடிவு இருமினாள். ஒரு தடவை இல்லை, இரண்டு, மூன்று தடவை. கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமுகிறாள்.

“என்ன உலகு, உப்புச் சரியா இருக்கா?” சங்கரம்மா மதினி கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எப்போதும் கேட்பதுதான். எப்போதும் நான் சரி என்பேன், பூசாரி மணி அடிப்பார்.

சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தனை வீட்டுக் காயும் அந்த உருளிக்குள் கிடக்கிறது. கூட்டத்தில் இவர் நிற்கிறார். உப்பு ஏறிப்போயிருந்தாலும் சாமி பிரசாதம் என்று இவர் ஒரு வாய் விடாமல் சாப்பிடுவார், எனக்குத் தெரியும். அப்படிச் சாப்பிட்டுத்தானே விழுந்தார்.

திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டேன். “வடிவு, நீ இருமினது உப்புக்கா, புகைக்கா?”

இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எனக்கு மணம் தெரியாது மதினி” என்றேன். “தையோட போயிட்டு. இந்த வருஷம் மூக்கு அவளுது.”

சங்கரம்மா மதினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, “அப்ப கரண்டிய அவகிட்டக் குடுத்துட்டு இப்படி வந்து உக்காரு” என்றாள். கெட்ட எண்ணத்தில் சொன்னாள் என்று சொல்லமாட்டேன். நல்ல எண்ணமா என்றும் தெரியாது.

நான் கரண்டியை நீட்டினேன். வடிவு அதைத் தொடவில்லை. புகையைக் கையால் விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து, என் தோளைப் பிடித்தபடி உருளிமேல் குனிந்தாள். முதல் ஆவியை விட்டாள். காத்திருந்தாள்.

“புகைக்குத்தான்க்கா இருமினேன்” என்றாள். “பச்ச வாசம் இன்னும் முன்னாலதான் நிக்கி. ஒரு கை போடணும்.”

அந்த உருளிக்கு ஒரு கை என்பது சின்ன அளவில்லை. நிறையக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் சொல்வது தப்பாக இருந்தால் இத்தனை பேர் சாப்பாடும் சாமி படைப்பும் பாழ், பேர் என்னுடையது. என் கண் தானாகவே அவள் முகத்தில் கள்ளம் இருக்கிறதா என்று தேடியது. இத்தனை நாளும் தேடிய பழக்கம். வியர்வையும் கரியும்தான் இருந்தன.

இன்னொருத்தர் சொல்லி நான் உப்புப் போட்டது கிடையாது. மாமியார் சொல்லியும் போட்டதில்லை.

ஒரு கை நிறைய அள்ளினேன். போட்டேன்.